தையல் மிஷின் முன்னால் நூறு தடவை கேட்ட பாட்டு

கேள்வி:

"டாக்டரம்மாவுக்கு வணக்கம். எனக்கு 54 வயது. குடியாத்தத்தில் வீட்டிலேயே தையல் கடை வைத்திருக்கிறேன். எங்கள் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து திருப்புகழ் கற்றுக்கொள்கிறோம். ஆடிக் கிருத்திகைக்கு வள்ளிமலையில் பாட வேண்டும் என்று ஆசை. சொல்லிக்கொடுக்கும் அம்மா ஒவ்வொரு பாட்டையும் பாடி வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜாக அனுப்புவார். காலையில் மிஷின் முன்னால் உட்கார்ந்ததும் அதைப் போட்டுவிடுவேன். முடிந்ததும் மறுபடி தட்டிவிடுவேன். ஒரே பாட்டை நூறு தடவைக்கு மேல் கேட்டிருப்பேன். அதோடு கூடவே பாடினால் தடையில்லாமல் வருகிறது. போனை நிறுத்திவிட்டுத் தனியாகப் பாடினால் முதல் வரி சரியாக வருகிறது, இரண்டாவது வரியில் திசை தெரியாமல் நிற்கிறேன். 'மோகன ராகத்துல ஆரம்பிச்சு சிவரஞ்சனிக்குப் போயிடுறீங்களே' என்று அந்த அம்மா சிரிக்கிறார். வார்த்தையும் மெட்டும் ஒருவழியாக வந்துவிட்டால் தாளம் விட்டுப்போகிறது. ஆனால் சின்ன வயதில் டீக்கடை ரேடியோவில் கேட்ட சினிமாப் பாட்டெல்லாம் இன்றைக்கும் அட்சரம் பிசகாமல் பாடுவேன். அதையெல்லாம் யாரும் உட்கார்ந்து சொல்லித்தரவில்லை. போதாக்குறைக்குப் போன வாரம் ஒரு பிளவுஸுக்குக் கை நீளத்தை இரண்டு இன்ச் குறைத்து வெட்டிவிட்டேன். என் மாமியாருக்குக் கடைசிக் காலத்தில் மறதி நோய் இருந்தது. எனக்கும் அப்படித்தான் ஆரம்பிக்கிறதா?

பின்குறிப்பு: காலேஜில் படிக்கும் என் மகள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டுதான் படிக்கிறாள். கேட்டால், 'அப்பதான் மண்டையில ஏறுது' என்கிறாள். சரியா?"

பதில்:

அக்கா, வணக்கம்.

முதலில் ஒரு திருத்தம். நான் டாக்டர் இல்லை, உளவியலாளர். மருந்து எழுத மாட்டேன். கவனம், ஞாபகம் இரண்டையும் சோதித்துப் பார்ப்பதுதான் காட்பாடியில் 19 வருடமாக என் வேலை. உங்கள் மாமியார் விஷயத்தை முதலிலேயே பேசிவிடுவோம். அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு படித்தால் மீதி எதுவும் மனதில் ஏறாது.

மறதி நோயின் ஆரம்பம் வேறு மாதிரி இருக்கும். காலையில் சாப்பிட்டதே நினைவில்லாமல் போகும். ஒரே கேள்வியை அரை மணி நேரத்தில் நாலு தடவை கேட்பார்கள். இருபது வருடமாகப் போய்வந்த கடைத்தெருவில் வழி தடுமாறுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு வைத்த குழம்புக்கு எதை முதலில் போடுவது என்று திகைத்து நிற்பார்கள். பெரும்பாலும் அவர்களுக்கு முன்னால் வீட்டில் இருப்பவர்கள்தான் இதைக் கவனிப்பார்கள். உங்கள் கடிதத்தில் இப்படி ஒன்றுகூட இல்லை. எந்த வரியில் நிற்கிறது, எத்தனை இன்ச் குறைந்தது, டீச்சர் என்ன சொல்லிச் சிரித்தார் என்று எல்லாம் துல்லியமாக எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தை வைத்து யாருக்கும் நோய் இருக்கிறது, இல்லை என்று சொல்லக் கூடாது. ஆனாலும் மறதி நோயைச் சந்தேகப்படும்படி இதில் எதுவும் என் கண்ணில் படவில்லை. இந்த வயதில் சர்க்கரை, தைராய்டு, பி12 மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மூன்றுமே கவனத்தை மந்தமாக்கும், மூன்றுக்குமே வைத்தியம் இருக்கிறது. மேலே சொன்னதில் ஏதாவது ஒன்றை உங்கள் வீட்டுக்காரரோ மகளோ கவனித்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். அவ்வளவுதான்.

சரி, பாட்டுக்கு வருவோம்.

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது ஒரு வரியில் நின்றுவிட்டேன்: "முடிந்ததும் மறுபடி தட்டிவிடுவேன்." வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் தானாகத் திரும்ப ஓடாது. ஒவ்வொரு தடவையும் நீங்கள்தான் கையை மிஷினிலிருந்து எடுத்துத் தட்ட வேண்டும். தட்டுகிற அந்த நாலைந்து விநாடி உங்கள் கை, கண், காது எல்லாமே போனில்தான் இருக்கிறது. மிஷின் நின்றிருக்கிறது. அப்போது ஓடுவது எந்த வரி? முதல் வரி. அப்புறம் துணியை நேராக்கிப் பெடலை அழுத்துகிறீர்கள். கழுத்து வளைவில் பைப்பிங் திரும்புகிற இடம் வருகிறது, மூச்சைக்கூடப் பிடித்துக்கொள்கிறீர்கள். அதற்குள் இரண்டாவது வரி வந்து போய்விட்டது. வாசலில் யாரோ "அக்கா, அந்தப் பச்சை பிளவுஸ் ஆச்சா?" என்கிறார்கள். மூன்றாவது வரியும் போயிற்று. நூறு தடவை பாட்டு ஓடியது உண்மை. முதல் வரியை நூறு தடவை கேட்டீர்கள். இரண்டாவது வரியை ஐந்தாறு தடவை கேட்டிருந்தால் அதிகம். உங்களுக்கு முதல் வரி மட்டும் சுத்தமாக வருவதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தோன்றவில்லை.

காதில் விழுவது வேறு, கேட்பது வேறு என்று நம் ஊரில் பெரியவர்கள் திட்டுவதற்காகச் சொல்வார்கள். அதைச் சோதனை செய்தே காட்டியிருக்கிறார்கள். 1953-இல் பிரிட்டனைச் சேர்ந்த காலின் செர்ரி, ஒரு காதில் ஒரு பேச்சு, மறு காதில் வேறொரு பேச்சு என்று ஒரே நேரத்தில் கேட்கவைத்தார். ஒரு காதில் வருவதை மட்டும் கூடவே சொல்லிக்கொண்டே வர வேண்டும். முடிந்ததும் மறு காதைப் பற்றிக் கேட்டார். ஆண் குரல் பெண் குரலாக மாறியதைக் கவனித்திருந்தார்கள். என்ன பேசினார்கள் என்பது தெரியவில்லை. நடுவில் ஆங்கிலம் போய் ஜெர்மன் வந்ததுகூடப் பலருக்குத் தெரியவில்லை. ஒலி உள்ளே போயிருக்கிறது, விஷயம் போகவில்லை.

உங்களுக்கு இன்னும் நெருக்கமான சோதனை ஒன்று உண்டு. ஃபெர்குஸ் கிரெய்க் என்ற நினைவாற்றல் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1996-இல் வெளியிட்டது. ஆட்களுக்கு வார்த்தைகளைக் காதில் கேட்கவைத்தார்கள். அதே நேரத்தில் திரையில் ஒரு குறி இடம் மாறி மாறித் தோன்றும், அது தோன்றும் இடத்துக்கேற்பப் பட்டனை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். காதுக்குப் பாடம், கண்ணுக்கும் கைக்கும் வேலை. ஏறக்குறைய உங்கள் கடைதான். மனதில் பதியவைக்கிற நேரத்தில் இந்த இரட்டை வேலை இருந்தால், பிறகு நினைவுக்கு வந்த வார்த்தைகள் வெகுவாகக் குறைந்தன. அடுத்த பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. நிம்மதியாகப் பதியவைத்த வார்த்தைகளைத் திரும்பச் சொல்கிற நேரத்தில் மட்டும் பட்டன் வேலையைக் கொடுத்துப் பார்த்தார்கள். அப்போது ஞாபகம் பெரிதாகக் குறையவில்லை. பட்டன் அழுத்துவதுதான் மந்தமானது.

அது வார்த்தைகளை வைத்துச் செய்த சோதனை, ராகத்தை வைத்துச் செய்ததில்லை. அதை அப்படியே பாட்டுக்குப் பொருத்திவிட முடியாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்திலேயே அதன் இரண்டு பக்கமும் இருக்கிறது பாருங்கள். மிஷினில் உட்கார்ந்து பதியவைத்தீர்கள், பதியவில்லை. "வார்த்தையும் மெட்டும் வந்துவிட்டால் தாளம் விட்டுப்போகிறது" என்கிறீர்களே, அது இரண்டாவது பக்கம். நினைவிலிருந்து இழுத்தெடுப்பதற்கும் உழைப்பு தேவை. அந்தச் செலவு பாட்டின் கணக்கில் விழாமல் தாளத்தின் கணக்கில் விழுகிறது. இது கோளாறு இல்லை. பாட்டு ஓரளவு உள்ளே போய்விட்டதற்கு அடையாளம் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

இதிலிருந்து நான் உங்களுக்குச் சொல்ல வந்தது ஒன்றுதான் அக்கா. தைக்கும்போது பாட்டுக் கேட்காதீர்கள். தைக்கும்போது பாடுங்கள். நீங்கள் செய்வதை அப்படியே தலைகீழாகத் திருப்ப வேண்டும். எப்படி என்று கீழே சொல்கிறேன். அதற்கு முன் உங்கள் டீச்சரின் சிரிப்புக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும்.

மோகனம், சிவரஞ்சனி இரண்டுமே ஐந்து சுரம்தான். ச ரி க ப த. எழுதிப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். வித்தியாசம் காந்தாரத்தில், அதாவது 'க' சுரத்தில் மட்டும். மோகனத்தில் அந்தர காந்தாரம், சிவரஞ்சனியில் ஒரு படி இறங்கிய சாதாரண காந்தாரம். ஆகவே நீங்கள் சிவரஞ்சனிக்குப் போகும்போது மெட்டு மொத்தமாகத் தொலைந்துபோகவில்லை. எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, எங்கே நிற்கிறது எல்லாம் சரியாக இருக்கிறது. அந்த ஒரு சுரத்தின் அளவுதான் குறைந்துவிட்டது. கை நீளம் மாதிரியே என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே?

புதிதாகக் கேட்கும் மெட்டில் மனம் முதலில் பிடிப்பது இந்த ஏற்ற இறக்கத்தைத்தான். டௌலிங், ஃபுஜிதானி என்ற இருவர் 1971-இல் இதைச் சோதித்தார்கள். ஒரு சின்ன மெட்டைக் கேட்கவைத்து, உடனே வேறு சுருதியில் இன்னொன்றைக் கேட்கவைத்து, அதே மெட்டா என்று கேட்டார்கள். சுரங்களின் இடைவெளி மாறியிருந்தும் ஏற்ற இறக்கம் மட்டும் ஒன்றாக இருந்தால், அதையும் அதே மெட்டு என்று எளிதில் ஏமாந்தார்கள். உருவம் முதலில் பதிகிறது, அளவு பிறகுதான் பதிகிறது. அளவு பதிய அந்த ஒரு சுரத்தின்மேல் கொஞ்ச நேரம் மனம் நிற்க வேண்டும். பெடல் ஓடும்போது அது எங்கே நிற்கும்?

இதில் வெளிச் சத்தத்துக்கும் பங்கு உண்டு. டயானா டாய்ச் என்ற ஆய்வாளர் 1970-இல் செய்த சோதனை இது. ஒரு சுரத்தைக் கேட்டு நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், சில விநாடி கழித்து வருவது அதே சுரமா இல்லையா என்று சொல்ல வேண்டும். இடையில் யாராவது எண்களைப் பேசினால் பெரிய பாதிப்பு இல்லை. இடையில் வேறு சுரங்கள் ஒலித்தால், அவற்றைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று சொல்லியும்கூட, தவறுகள் பெருகின. சுரத்துக்குச் சுரம்தான் எதிரி. அதனால் பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டிருப்பதைவிட, கூடத்தில் ஓடுகிற சீரியலின் பின்னணி இசை உங்கள் காந்தாரத்துக்கு அதிகக் கெடுதல் செய்யலாம். நல்லவேளை, உங்கள் ஊரில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிந்து ஸ்பீக்கர்கள் இறங்கியிருக்கும். ஆடி பிறந்தால் மறுபடி ஏறும். அதற்குள் முடித்துவிடுங்கள்.

கூடவே பாடினால் வருகிறதே என்று கேட்கலாம். வண்டியில் பின்னால் உட்கார்ந்து ஐம்பது தடவை பேர்ணாம்பட்டு போயிருப்பீர்கள். ஒருநாள் உங்களையே ஓட்டச் சொன்னால் முதல் பிரிவிலேயே "இப்படியா, அப்படியா?" என்று கேட்பீர்கள். அதே கதைதான். டீச்சரின் குரல் ஒவ்வொரு திருப்பத்திலும் கால் நொடி முன்னால் போய் உங்களுக்கு வழி காட்டுகிறது. நீங்கள் அதைப் பின்தொடர்வதை, தெரிந்து பாடுவதாக நினைத்துவிடுகிறீர்கள். கற்றுக்கொள்பவர்கள் எல்லோரையும் ஏமாற்றுகிற இடம் இது.

நானும் ஏமாந்தவள்தான். நாலு வருடம் முன்னால் வயலின் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். பாடத்தைப் போனில் பதிந்து வைத்துக்கொண்டு, தினமும் காட்பாடி–பாகாயம் டவுன் பஸ்ஸில் காதில் மாட்டிக்கொள்வேன். சில்லறை கொடுக்க வேண்டும், சீட் பிடிக்க வேண்டும், கிரீன் சர்க்கிள் நெரிசலில் நேரத்தைப் பார்த்துப் பதற வேண்டும். நடுவில் பாடமும் ஓடும். இரண்டு மாதம் கழித்து வாத்தியார் "எங்கே, வாயால் பாடுங்கள்" என்றார். முதல் வரி பாடினேன். இரண்டாவது வரியை மனதில் ஓட்டிப் பார்த்தால், அதன் முடிவில் ஒரு கண்டக்டர் விசில் கேட்கிறது. சுரம் இல்லை, விசில் மட்டும் சுத்தமாகப் பதிந்திருக்கிறது. மற்றவர்களுக்கு ஞாபகத்தைப் பற்றி வகுப்பெடுக்கிறவள் நான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது உங்கள் டீக்கடை ரேடியோ. இது நல்ல கேள்வி, நேர்மையான கேள்வியும்கூட. யாரும் சொல்லித்தராமல், கவனமும் வைக்காமல் அதெல்லாம் எப்படி நின்றது?

கவனம் வைக்கவில்லை என்பதை நான் நம்பவில்லை. அப்போது பாட்டு எப்போது வரும் என்று தெரியாது. வரும்போது கேட்டால்தான் உண்டு, தட்டினால் மறுபடி வராது. பிடித்த பாட்டு வந்தால் கையில் இருந்த வாளியை இறக்கிவைத்துவிட்டு நின்று கேட்ட காலம் அது. கேட்டதோடு விட்டீர்களா? பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் பாடினீர்கள், தோழியோடு வரிக்குச் சண்டை போட்டீர்கள், கல்யாண வீட்டில் ஸ்பீக்கரில் வந்தபோது சரிபார்த்துக்கொண்டீர்கள். அதாவது ரேடியோ இல்லாத நேரத்திலெல்லாம் நினைவிலிருந்து எடுத்துப் பாடிக்கொண்டே இருந்தீர்கள். அதுவும் ஒரே நாளில் நூறு தடவை கிடையாது, வருடக்கணக்கில் விட்டுவிட்டு. நினைவில் நிற்க இதைவிடச் சிறந்த பயிற்சி முறையை நானே வகுத்துத் தர முடியாது.

வார்த்தையும் ஒரு கொக்கி. 1984-இல் செராஃபின், க்ரௌடர், ரெப் மூவரும் செய்த ஆய்வில், ஒரு பாட்டின் மெட்டை அதனுடைய சொந்த வார்த்தைகளோடு கேட்டபோது ஆட்கள் நன்றாக அடையாளம் கண்டார்கள். அதே மெட்டை வேறு வார்த்தைகளோடு கேட்டபோது அந்த அளவுக்கு முடியவில்லை. இரண்டும் ஒன்றோடொன்று பின்னித்தான் மனதில் தங்குகின்றன. சினிமாப் பாட்டின் வார்த்தை நம் பேச்சுக்குப் பக்கத்தில் இருக்கும். திருப்புகழோ நாக்கைச் சுளுக்கவைக்கும். கொக்கியை மாட்டுவதற்கே தனியாக உழைக்க வேண்டும்.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன், தப்பாக நினைக்காதீர்கள். அட்சரம் பிசகாமல் பாடுவேன் என்கிறீர்களே, இன்றைக்கு இரவு ஒரு பாட்டை எடுத்து, போன் துணை இல்லாமல், இரண்டாவது சரணம் வரை பாடிப் பாருங்கள். பல்லவி கம்பீரமாக வரும். முதல் சரணம் வரும். இரண்டாவது சரணத்தின் நடுவில் "ல ல லா" வந்துவிடும் என்று பந்தயம் கட்டுகிறேன். வராவிட்டால் நான் தோற்றதாக வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, என்ன செய்வது? ஆடிக் கிருத்திகைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

காலையில் மிஷின் மேல் போட்ட துணியை எடுப்பதற்கு முன்னால் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். அடுப்பில் எதுவும் இருக்கக் கூடாது. கூடத்தில் டிவி வேண்டாம். முழுப் பாட்டைப் போடாதீர்கள், ஒரே ஒரு வரி போதும், அதுவும் உங்களுக்குத் தகராறு செய்கிற அந்த இரண்டாவது வரி. இரண்டு தடவை கேளுங்கள், நிறுத்துங்கள். உடனே பாடிவிடாமல் ஒரு மூச்சு விட்டு, மனதுக்குள் ஓட்டிப் பார்த்து, அப்புறம் வாய்விட்டுப் பாடுங்கள். பாடிய பிறகே மறுபடி போட்டுச் சரிபார்க்க வேண்டும். வரிசை இதுதான், மாற்றிவிடாதீர்கள். இழுத்தெடுக்கிற முயற்சிதான் பதிய வைக்கிறது. திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, படித்ததை மூடிவைத்துவிட்டுச் சொல்லிப் பார்ப்பது பல நாள் கழித்தும் நிற்கிறது என்று ரோடிகர், கார்பிக் இருவரும் 2006-இல் பாடப்பகுதிகளை வைத்துக் காட்டினார்கள். நம் பழைய பாட்டு வாத்தியார்கள் இதை ஆய்வு இல்லாமலே செய்தார்கள். அவர் ஒரு தடவை பாடுவார், நீங்கள் திருப்பிப் பாட வேண்டும். செய்யாறு பக்கத்துக் கூத்தில் பின்பாட்டுப் பாடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். வேஷக்காரர் ஒரு வரியை விட்டதும் அதைப் பிடித்துத் திருப்பிப் பாடுவார்கள். நடவுப் பாட்டிலும் அப்படித்தான், ஒருத்தி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். அங்கேயெல்லாம் வெறுமனே கேட்டுக்கொண்டிருக்க யாருக்கும் இடமில்லை.

காந்தாரத்துக்குத் தனி வைத்தியம். டீச்சரிடம் கேட்டு, அதே வரியை மோகனத்தில் ஒரு தடவை, வேண்டுமென்றே சிவரஞ்சனியில் ஒரு தடவை அடுத்தடுத்துப் பாடி அனுப்பச் சொல்லுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டால், எது சிரிக்கிறது, எது ஏங்குகிறது என்று காதுக்கே தெரிந்துவிடும். ஒருமுறை வித்தியாசம் தெரிந்துவிட்டால், தனியாகப் பாடும்போது அந்த இடத்தில் உங்கள் மனமே நின்று பார்க்கும். ஒரு உபரிச் செய்தி: அருணகிரிநாதர் பாடிய காலத்து மெட்டு நமக்குக் கிடைக்கவில்லை, சந்தம்தான் கிடைத்தது. இப்போது பாடும் ராகங்கள் பிற்காலத்தவர் அமைத்தவை. அதனால் சிவரஞ்சனிக்குப் போனதற்காக முருகனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. டீச்சரிடம் கேட்டால் போதும்.

அந்தச் சந்தத்தை முதலில் பிடியுங்கள். வார்த்தையை விட்டுவிட்டு "தன தன தானன" என்று சந்தக் குழிப்பை மட்டும் ராகத்தோடு பாடுங்கள், தாளத்தோடு. ஒரே அச்சுதான் அடிக்கு அடி திரும்பி வரும் என்பதால் ஒரு அடி உட்கார்ந்துவிட்டால் மீதி தானாக வரும். தாளம் கையில் தானாக ஓடுகிற அளவுக்குப் பழகிய பிறகு வார்த்தையை ஏற்றுங்கள். பழகிய வேலை கவனத்தில் பங்கு கேட்காது. 1972-இல் ஆல்போர்ட், ஆன்டோனிஸ், ரெனால்ட்ஸ் மூவரும் பியானோ படித்த மாணவர்களிடம் புதிய இசைக் குறிப்பைப் பார்த்து வாசித்துக்கொண்டே, காதில் வரும் பேச்சைத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். கொஞ்சம் பழகியதும் இரண்டையும் செய்தார்கள். விரலுக்கு அது வருடக்கணக்கில் பழகிய வேலை. முதல் மாத மாணவரிடம் இதைக் கேட்டிருந்தால் நாற்காலியிலிருந்து எழுந்து ஓடியிருப்பார்.

இனி மிஷின் நேரம். போனை மேஜை டிராயரில் போட்டுவிடுங்கள். ஃபால்ஸ் அடிக்கும்போது, ஹெம்மிங் போடும்போது, ஹூக் கட்டும்போது, காலையில் கற்ற அந்த ஒரு வரியை முனகிக்கொண்டே இருங்கள். வருடக்கணக்கில் செய்த வேலை, உங்கள் கை தானாகச் செய்யும். நடுவில் வரி தட்டிவிட்டால் உடனே டிராயரைத் திறக்காதீர்கள், துழாவிப் பாருங்கள். பாபினில் நூல் தீர்ந்து எப்படியும் மிஷினை நிறுத்துவீர்களே, அப்போது போனை எடுத்து அந்த ஒரு இடத்தை மட்டும் கேளுங்கள். நூலைச் சுற்றி மாட்டி முடிப்பதற்குள் பாட்டும் சரியாகிவிடும். ஒரு நாளைக்கு எத்தனை பாபின் தீரும் என்று உங்களுக்குத்தான் தெரியும். அத்தனை தடவை போதும்.

கட்டிங் மேஜைக்கு இந்தச் சலுகை கிடையாது. அங்கே பாடவும் வேண்டாம், கேட்கவும் வேண்டாம். சாக்பீஸ் கையில் இருக்கும்போது மனதுக்குள் 36, 14½, 5 என்று எண்களைச் சொல்லிக்கொண்டுதானே கோடு போடுகிறீர்கள்? அதே நேரத்தில் வார்த்தையுள்ள பாட்டு ஓடினால் எண்ணும் வார்த்தையும் ஒரே இடத்துக்கு அடித்துக்கொள்ளும். போன வாரத்து இரண்டு இன்ச் அங்கேதான் போயிருக்கும் என்பது என் ஊகம். அன்றைக்குக் கட்டிங் சமயத்தில் போன் ஓடிக்கொண்டிருந்ததா என்று யோசித்துப் பாருங்கள்.

இவ்வளவு நாள் கேட்ட நூறு தடவை வீண்தானா என்றால், முழுக்க வீண் என்று சொல்ல மாட்டேன். திரும்பத் திரும்ப எதிர்ப்படுகிற ஒன்றை நம் மனம் விரும்ப ஆரம்பித்துவிடும் என்று ராபர்ட் ஸாயன்ஸ் 1968-இலேயே காட்டியிருக்கிறார். அந்த மெட்டு உங்களுக்கு அந்நியமில்லை. மற்றவர் தப்பாகப் பாடினால் உங்களுக்கு உடனே உறுத்தும். சரிபார்க்கிற காது தயாராக இருக்கிறது. எடுத்துக்கொடுக்கிற பழக்கம்தான் இல்லை. குழுவிலேயே மற்றவர்களைவிட வேகமாக உங்களுக்கு வந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

மகள் விஷயம். திரையில் பார்த்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லி, பின்னணியில் பாட்டை ஓடவிட்டுச் சோதித்தார்கள் சலாமே, பாட்லி என்ற இருவர் (1989). குரலோடு கூடிய பாட்டு, வெறும் வாத்திய இசையைவிட அதிகம் கெடுத்தது. எனவே மனப்பாடம் செய்ய வேண்டிய பாடத்துக்குச் சினிமாப் பாட்டு ஆகாது. ரெக்கார்டு நோட்டில் படம் வரைகிறாள், ஏற்கெனவே புரிந்த கணக்கைப் போட்டுப் பழகுகிறாள் என்றால் விட்டுவிடுங்கள். அலுப்பு தெரியாமல் உட்காரவைக்கிறதே, அதுவும் ஒரு லாபம்தான். "மண்டையில ஏறுது" என்பது அவள் உணர்வு. நீங்கள் கூடவே பாடும்போது உங்களுக்குத் தோன்றியதும் அதேதான். திட்டாமல் சோதித்துப் பாருங்கள். ஒரு பாடத்தைப் பாட்டோடு படிக்கட்டும், அதே அளவுள்ள இன்னொன்றைப் பாட்டில்லாமல். மறுநாள் ராத்திரி புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு நீங்கள் கேள்வி கேளுங்கள். முடிந்ததும் போனை அவள் கையில் கொடுத்து, உங்கள் இரண்டாவது வரியை அவள் சரிபார்க்கட்டும். யார் அதிகம் தடுமாறுகிறாரோ, அன்றைக்குப் பாத்திரம் அவருக்கு.